நிகழ்வு ஆய்வு: மருந்துப் பையின் ஒரு வரியும் தனிக் கோப்பையும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பட்டணத்தில், மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுக்கும் ஒருவருக்கும் அவர் குடும்பத்துக்கும் நடந்தது இது. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் எந்த வீடு என்று அங்கே இருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். வயது, உறவுமுறை போன்ற சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதியதை அவருக்கும் அவர் தாயாருக்கும் வாசித்துக் காட்டினேன். இருவரும் சம்மதித்த பிறகே வெளியிடுகிறேன். நான் அரசு சுகாதார கிளினிக் ஒன்றில் சமூக மனநலத் தாதி. மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களின் வீடுகளுக்குப் போய் ஊசி போடுவதும் நிலைமையைப் பார்த்துவருவதும் என் வேலை.

பின்னணி

அவர் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயன் வீட்டில். அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குலை வெட்டினார். பிறகு லயன்களை இடித்தார்கள். குடும்பம் பட்டணத்து ஓரத்தில் ஒரு மலிவு விலை வரிசை வீட்டுக்கு வந்தது. அப்பா சில ஆண்டுகளில் இறந்துபோனார். அண்ணன் ஜொகூரில் வேலை பார்க்கிறார், இரண்டு பிள்ளைகள். தங்கை வீட்டோடு. இவர் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் ஓட்டினார்.

2013-இல், 24 வயதில், தூக்கம் கெட்டது. இயந்திரச் சத்தத்துக்குள் மேற்பார்வையாளர் தன்னைத் திட்டுவது கேட்கிறது என்றார். பிறகு வீட்டில் இருக்கும்போதும் கேட்டது. வேலை போனது. அடுத்த இரண்டு ஆண்டுகள் குடும்பம் போகாத இடமில்லை: முனீஸ்வரன் கோயில், குறி சொல்பவர், கடைசியில் மலாய்க் கம்பத்தில், அதாவது கிராமத்தில், ஒரு போமோ என்ற மந்திர வைத்தியர். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஒருவர் சொல்ல, பழி சொந்த அத்தை மேல் விழுந்தது. அந்த உறவு இன்றுவரை ஒட்டவில்லை. அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போய் முழுகிவிட்டது.

கோயிலுக்குப் போனதை நான் குறை சொல்ல மாட்டேன். மகன் தனியாகப் பேசிக்கொண்டு முற்றத்தில் நடக்கும்போது ஒரு தாய்க்குத் தெரிந்த வாசல்களைத்தான் அவள் தட்டுவாள். கிளினிக் வாசலும் அதில் ஒன்று என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

2015-இல் ஓர் இரவு அவர் பிரதான சாலை நடுவில் நின்று லோரிகளைக் கைநீட்டி நிறுத்தினார். போலீஸ் வந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. அங்கிருந்து தஞ்சோங் ரம்புத்தான், உலு கிந்தா பகாகியா மருத்துவமனை. 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. அதன் ஊர்ப் பெயரை நம் மக்கள் நூறு ஆண்டுகளாக வசைச் சொல்லாகவே வைத்திருக்கிறார்கள். அடம்பிடிக்கும் பிள்ளையைக்கூட "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்" என்று மிரட்டுகிறோம். ஆறு வாரம் கழித்து அவர் தெளிந்து திரும்பினார். மனச்சிதைவு நோய் என்று கண்டறிந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புளூஃபெனசின் ஊசி, இரவில் குளோர்ப்ரோமசின் மாத்திரை என்று எழுதியிருந்தார்கள். ஊரில் அவருக்கு அதற்குள் ஒரு பெயர் ஏற்பட்டிருந்தது: 'தஞ்சோங் ரம்புத்தான் பையன்'.

முதல் சந்திப்பில் பார்த்தது

2022 மார்ச்சில் இவருடைய கோப்பு என் கைக்கு வந்தது. ஏழு ஆண்டுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப ஒரே வரி: நிலையாக உள்ளார், குரல் கேட்பதில்லை, ஊசி போடப்பட்டது. சரி, சிரமமில்லாத நோயாளி என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு. கை மெதுவாக நடுங்கியது. எழுந்து நடந்தபோது கைகள் வீசவில்லை, கால் தரையை உரசியது. வாயோரம் எச்சில் நின்றது, தோள்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். சமையலறைக் கதவுக்கு வெளியே ஓர் ஆணியில் பச்சை பிளாஸ்டிக் கோப்பை ஒன்று தொங்கியது. அடியில் தேநீர்க் கறை ஏறிக் கறுத்திருந்தது. பக்கத்திலேயே ஒரு தட்டு. உள்ளே அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் பளபளவென்று வரிசையாக இருந்தன. எனக்கு அதில் ஒன்றில் தேநீர் வந்தது, அவருக்குப் பச்சைக் கோப்பையில்.

"அது அவனோடது, மிஸ்ஸி. மருந்து சாப்பிடுறவன்ல," என்றார் அம்மா. தாதிகளை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

இந்த அம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஏழு ஆண்டுகளில் ஓர் ஊசியைக்கூட அவர் தவறவிட்டதில்லை. கிளினிக்குக்குப் பேருந்தில் கூட்டிவந்து, அரைநாள் காத்திருந்து, திரும்பக் கூட்டிப்போனவர்.

அன்று உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத்தரப் படிவத்தைக் கொண்டுபோயிருந்தேன். 26 கேள்விகள்: உடல், மனம், உறவுகள், சுற்றுச்சூழல் என்று நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை பதில். அதில் நண்பர்கள் தரும் ஆதரவு திருப்தியாக இருக்கிறதா என்ற கேள்வி வந்தபோது அவர் என்னைப் பார்த்து, "எந்த நண்பரு, மிஸ்ஸி?" என்றார். கோபமில்லை, நிஜமாகவே கேட்டார். கடைக்கு இருட்டிய பிறகுதான் போகிறார். பகலில் போனால் பையன்கள் பின்னால் கத்துகிறார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். தீபாவளிக்கு அண்ணன் குடும்பம் வந்தால் பிள்ளைகளை அவர் அறைப் பக்கம் விடுவதில்லை. அன்று அவர் ஐந்துக்கு ஒன்று போடாத கேள்விகள் கொஞ்சம்தான்.

நோயின் அறிகுறிகள் அடங்கியிருந்தன, அது உண்மை. ஆனால் எங்கள் கோப்பில் 'நிலையாக உள்ளார்' என்று எழுதியிருந்தது இந்த வாழ்க்கையைத்தான். சிகிச்சைக்குப் பணம்கூடத் தடையில்லை: கிளினிக்கில் 1 ரிங்கிட், மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட்.

கோப்பையைப் பற்றி நான் பேசியதும், அதன் பிறகும்

முதல் முடிவு என்னுடையது, அவசரப்பட்டு எடுத்தது. அடுத்த முறை போனபோது அவர் முன்னாலேயே அம்மாவிடம் இது ஒட்டுவாரொட்டி இல்லை, தனிக் கோப்பை வைப்பது அவர் மனதை நோகடிக்கும் என்று விளக்கினேன். அம்மா தலையாட்டினார். இரண்டு வாரம் கழித்துப் போனேன். ஆணியில் கோப்பை இல்லை. ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், சன்னல் விளிம்பில் பேப்பர் கப் கட்டு ஒன்று பிரித்து வைத்திருந்தது. மிஸ்ஸிக்குக் கோப்பை பிடிக்கவில்லை என்பதால் குடித்துவிட்டு எறிகிற கப் வாங்கியிருக்கிறார்.

ஒட்டாது என்று சொன்னதை அம்மா நம்பினார். ஆனாலும் விலக்கி வைத்தார். அப்படியென்றால் அவர் பயப்படுவது வேறு எதற்கோ. இந்த முறை அவருக்கு எதையும் விளக்காமல், கேள்வி மட்டும் கேட்டேன்: "அம்மா, தனியா வைக்கச் சொன்னது யாரு?"

அம்மா உள்ளே போய் மருந்துப் பை ஒன்றை எடுத்து வந்தார். பழையது, மடித்து மடித்து ஓரம் நைந்தது. அதில் மலாயில் அச்சிட்டிருந்த ஒரு வரியைக் காட்டினார். 'ஜாவுஹி டாரிப்பாடா கானாக்-கானாக்.' பிள்ளைகளிடமிருந்து தள்ளி வை.

மருந்தைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கச் சொல்லி எல்லா மருந்துப் பைகளிலும் இருக்கும் வரி அது. 2015-இல் வீடு திரும்பிய நாளில் கவுன்டரில் இருந்தவர் அந்த வரியை விரலால் தொட்டு, மலாயில் வேகமாக ஏதோ சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குச் சந்தை மலாய்தான் தெரியும். வீரியமான மருந்து, பிள்ளைகளை விட்டுத் தள்ளி வை என்ற அளவுக்குப் புரிந்தது. எதைத் தள்ளி வைப்பது? மகனைத்தான் என்று எடுத்துக்கொண்டார். அந்த மருந்து எச்சில் வழியாக வரும், பேரப்பிள்ளைகள் வாயில் பட்டால் அவர்கள் மூளைக்கு ஏறும் என்று ஏழு ஆண்டுகளாகப் பயந்திருக்கிறார். மகனுக்கு வாயோரம் எச்சில் வழிவது அந்தப் பயத்தை ஒவ்வொரு நாளும் உறுதிப்படுத்தியது.

படியில் இருந்தபடி அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கும் அப்படித்தான் தெரியும், மிஸ்ஸி," என்றார். அண்ணன் பிள்ளையை ஒருமுறைகூடத் தூக்காததற்கு அதுதான் காரணம். ஊர் தன்னை ஒதுக்குவதை மனிதர் நியாயம் என்று ஏற்றுக்கொண்டு தானே தன்னை ஒதுக்கிக்கொள்வதைப் பயிற்சிகளில் படித்திருக்கிறேன். அது ஒரு வீட்டுப் படிக்கட்டில் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அந்த வரியைத் தமிழில் அந்தப் பையின் மேலேயே எழுதினேன். அம்மாவைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். இரண்டு முறை சொன்னார். பிறகு அழுதார்.

வேனால் வந்த விளைவு

இதைச் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்து நேர்மையாக இருக்காது. வீடுகளுக்கு நாங்கள் கிளினிக் வேனில்தான் போவோம். வெள்ளை வேன், பக்கவாட்டில் பெரிய எழுத்து, நாங்கள் சீருடையில். 2022 ஜூனில் தங்கையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு அந்த வேன் அந்த வீட்டு வாசலில் முக்கால் மணி நேரம் நின்றது. மாப்பிள்ளை வீட்டாரின் உறவினர் ஒருவர் அதே வரிசையில் இருந்திருக்கிறார். அவர்கள் வரவில்லை. காரணம் கேட்டபோது, குடும்பத்தில் அப்படி இருக்கிறதாமே என்றார்கள்.

தங்கை அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இவரைத் தேடிப் போன நாங்கள், அந்த வீட்டில் இன்னும் இருவர் இந்தப் பெயரைச் சுமக்கிறார்கள் என்று யோசிக்கவேயில்லை. அந்த வாரமே முறையை மாற்றினேன். சொந்தக் காரில், சாதாரண உடையில், முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டுவிட்டு, காரை மளிகைக்கடை ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்து போவது. குழுவில் சிலர் இது விதிப்படி இல்லை என்றார்கள். பேசி எழுத்தில் அனுமதி வாங்க மூன்று மாதம் ஆனது.

மருந்தில் மாற்றம்

ஊரார் பார்வையில் அவரைப் பைத்தியம் என்று காட்டிய எதுவும் நோயில்லை. கை நடுக்கம், காலை இழுத்து நடப்பது, அசைவில்லாத முகம், எச்சில், எல்லாமே ஊசி மருந்தின் பக்கவிளைவுகள். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையை அந்த மருந்து தடுக்கிறது. குரல்கள் அடங்குவது அதனால்தான். உடலின் அசைவைக் கவனிக்கும் பகுதியிலும் அது தடுக்கப்படும்போது பார்க்கின்சன் நோய் வந்தவர் போல ஆகிவிடுகிறார்கள். இரண்டு வார ஊசிக்கு ஐந்து நிமிடம்தான் ஒதுக்குகிறோம். குரல் கேட்கிறதா என்று கேட்பதற்குள் அது முடிந்துவிடும். நடந்து காட்டச் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

ஜூலையில் மனநல நிபுணரிடம் கூட்டிப்போனேன். நடக்கச் சொல்லி, மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார். அளவைக் குறைத்து, ஊசியை நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஆக்கினார். நடுக்கத்துக்குப் பென்செக்சால் சில மாதங்களுக்கு மட்டும். இரவு மாத்திரையைக் குறைத்து எட்டு மணிக்கே போடச் சொன்னார். குறைத்தால் நோய் திரும்பக்கூடும் என்பதை மறைக்காமல் அவரிடமும் அம்மாவிடமும் சொன்னார். எந்த அறிகுறி முதலில் வரும் என்று கேட்டு எழுதிக்கொண்டோம்: தூக்கம் குறைவது, வானொலியை நிறுத்தச் சொல்வது. அக்டோபரில் எச்சில் நின்றது. கை வீசி நடந்தார். பேப்பர் கப் கட்டு அதற்கு முன்பே காணாமல் போயிருந்தது.

வேலை

இங்கேயும் முதலில் தவறினேன். தெரிந்த மளிகைக்கடையில் பேசி செப்டம்பரில் சேர்த்துவிட்டேன். ஒன்பதாவது நாள் நின்றுவிட்டார். அரிசி மூட்டை தூக்கிவைக்கும்போது கடைக்கு வந்தவர்கள் அவர் காதுபடவே "இவன்தானே அது" என்றார்களாம். எங்கே வேலை செய்ய விருப்பம் என்று நான் அவரைக் கேட்கவே இல்லை.

டிசம்பரில் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "மரம் வெட்டுவேன், மிஸ்ஸி. அப்பா சொல்லிக் கொடுத்திருக்காரு," என்றார். அப்பாவின் கூட்டாளி ஒருவருக்கு, இவர் பெரியப்பா என்று கூப்பிடுபவருக்கு, ஊருக்கு வெளியே மூன்று ஏக்கர் ரப்பர் இருந்தது. விடிவதற்கு முன் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிகிற வேலை, பார்க்க யாரும் இல்லை. குளோர்ப்ரோமசின் எடுப்பவர்களுக்கு வெயில் தோலைச் சுடும், அதற்கும் பொருந்தியது.

குழுக் கூட்டத்தில் சொன்னேன். ஒரு நிமிடம் அமைதி. பிறகு ஒருவர் கேட்டார்: "கத்தியா?"

இருட்டில் கையில் பால்வெட்டும் கத்தியோடு மனச்சிதைவு நோயுள்ளவர். மனநலத்திலேயே வேலை செய்கிற எங்களுக்கே முதலில் வந்தது அந்தப் படம்தான். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை என்றும், அவர்கள் தாக்கப்படுவதுதான் அதிகம் என்றும் பள்ளிகளில் போய்ப் பேசுபவர்கள் நாங்கள். அவர் கோப்பைத் திறந்து தேடினோம். ஏழு ஆண்டுகளில் ஒருவரையும் அடித்ததாக ஒரு வரியும் இல்லை. ஆனாலும் நோய் திரும்பும் வாய்ப்பு உண்மைதான். அதனால் முடிவு இது: முதல் இரண்டு மாதம் பெரியப்பா அடுத்த வரிசையில் வெட்டுவார், எங்கள் எண் அவரிடம் இருக்கும், தூக்கம் கெட்ட நாளில் மரத்துக்குப் போகக்கூடாது. கடைசி நிபந்தனையை அவரே சொன்னார்.

பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை உதிர்க்கும். துளிர்த்த பிறகு, 2023 ஏப்ரல் கடைசியில் தொடங்கினார். மே மாதம் ஒரு காலையில் போய்ப் பார்த்தேன். நெற்றி விளக்கு வெளிச்சத்தில், பழைய வெட்டில் காய்ந்திருந்த கோட்டுப்பாலை இழுத்தெடுத்து இடுப்புக் கூடையில் போட்டார். பழைய வெட்டுக்கு அடியில் கத்தியை வைத்து ஒரே இழுப்பில் மெல்லிய பட்டை சீவினார். பால் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கோட்டில் இறங்கி, பால் பிடிக்கும் மங்கில் சொட்டியது. கை நடுங்கவில்லை. மங்கில் உறைந்த கட்டிப்பாலை விற்ற பணத்தில் பெரியப்பாவோடு பாதிக்குப் பாதி. முதல் பணத்தில் அம்மாவுக்கு ஒரு டார்ச்லைட்டும் தனக்கு ஒரு வானொலியும் வாங்கினார்.

சமூகநல இலாகா மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் ஓ.கே.யூ. அட்டை பற்றியும் பேசினோம். அதன் ஏழு பிரிவுகளில் மனநலமும் ஒன்று. வேலை செய்பவர்களுக்கு மாதம் 450 ரிங்கிட் உதவித்தொகைத் திட்டமும் இருந்தது. அம்மா எடுக்கச் சொன்னார். அவர் மறுத்தார். அட்டையை எங்கே நீட்டினாலும் அந்தச் சொல் தெரியும் என்றார். எடுத்தால் நல்லது என்பது என் எண்ணம். ஆனால் வற்புறுத்தவில்லை.

நோய் திரும்பியது

2023 நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. மழையில் மரம் வெட்ட முடியாது. வாரக்கணக்கில் வீட்டில் இருந்தார். தீபாவளிக் குழப்பத்தில் ஓர் ஊசி பத்து நாள் தள்ளிப்போனது. டிசம்பர் நடுவில், மழைவிட்ட ஒரு காலையில் பெரியப்பா அழைத்தார். "மிஸ்ஸி, தம்பி வெட்டு சரியில்லை. மரத்துல காயம் விழுது."

பால்மரத்தில் பட்டையை மட்டும் சீவ வேண்டும். ஆழம் கூடி உள்ளே பட்டால் மரம் காயப்படும், அந்த இடம் பிறகு முண்டும் முடிச்சுமாக வளரும். ஏழு மாதம் காயமில்லாமல் வெட்டியவர் அன்று ஒரே வரிசையில் ஆறு மரத்தைக் காயப்படுத்தியிருந்தார். அன்று மாலையே போனேன். வானொலி அணைந்திருந்தது. மூன்று இரவு தூக்கமில்லை, குரல் திரும்பியிருந்தது. மறுநாள் நிபுணரைப் பார்த்து, ஊசி போட்டு, இடைவெளியை மூன்று வாரமாக்கினோம். கத்தியை அவரே பெரியப்பாவிடம் கொடுத்துவைத்தார். ஐந்து வாரத்தில் தெளிந்தார். போலீஸ் வரவில்லை, மருத்துவமனையில் சேர்க்கவும் நேரவில்லை. 2015-இல் இரண்டு ஆண்டு கழித்துத் தெரிந்தது, இந்த முறை சில நாட்களில் தெரிந்தது. காட்டிக்கொடுத்தது மரம், கவனித்தது அவரோடு தினமும் இருந்த ஒரு மனிதர்.

இப்போதைய நிலை

2024 நடுவில் அதே படிவத்தை மறுபடி வைத்தேன். வாழ்க்கைத்தரம் எப்படி என்ற முதல் கேள்விக்கு முன்பு ஒன்று, இப்போது மூன்று. நண்பர்கள் கேள்விக்கு இரண்டு. "பெரியப்பா ஒருத்தர்தானே," என்றார். கோயில் திருவிழாவுக்கு இன்னும் போவதில்லை, கூட்டமில்லாத வெள்ளிக்கிழமைகளில் போகிறார். பையன்கள் கத்துவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அண்ணனின் சின்ன மகள் அவர் மடியில் உட்கார்ந்து சாப்பிட்டதை அம்மா தொலைபேசியில் எடுத்து எனக்கு அனுப்பினார். தங்கை கிள்ளானில் வேலைக்குப் போய்விட்டார். திருமணம் இன்னும் அமையவில்லை. என்னோடு இன்னும் பேசவில்லை.

மறுபடி செய்தால் மாற்றுவது

முதல் நாளே வீட்டில் எல்லாருக்கும் என்ன புரிந்திருக்கிறது என்று கேட்பேன். விளக்கம் அதற்குப் பிறகுதான். ஊசிக்கு வருகிறவரை வாசலிலிருந்து நாற்காலி வரை நடக்கவிட்டுப் பார்ப்பேன், அதற்குக் கூடுதல் நேரம் வேண்டாம். வேலை தேடுமுன் அவரைக் கேட்பேன். மழைக்காலம், இலையுதிர் காலம் போன்ற வேலையில்லாத மாதங்களை நாட்காட்டியில் குறித்து, அந்த மாதங்களில் இரண்டு முறை போவேன். 'நிலையாக உள்ளார்' என்று மட்டும் கோப்பில் எழுத மாட்டேன். யாரோடு சாப்பிட்டார், எங்கே போய்வந்தார் என்றும் எழுதுவேன்.

மலாய் சரளமாகத் தெரியாத ஒவ்வொரு வீட்டுக்கும் மருந்துப் பையின் மேல் இப்போது நானே தமிழில் எழுதிக் கொடுத்து, வாசித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்கிறேன்: 'மாத்திரையைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மாத்திரை சாப்பிடுபவர் எல்லாரோடும் ஒரே தட்டில் சாப்பிடலாம், பிள்ளையைத் தூக்கலாம், பக்கத்தில் படுக்கலாம்.'